நினைத்தால் நகருமா?

(பூலாம்பாடியில் நடைபெற்ற 'படக்கதை நாயகர்கள் பிள்ளைகள் மனத்தில் வளர்ப்பது ஊக்கமா? ஏக்கமா?' என்ற பட்டிமன்றத்தில் 'ஊக்கமே' என்னும் அணியில் பேசியது)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிர்வரிசையிலே உட்கார்ந்துகொண்டு, இவன் என்னத்தைச் சொல்லிவிடப் போகிறான் என்று என்னை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருக்கிற நண்பர்களே! பச்சைமலைக் காற்று வீசுகிற இந்தப் பூலாம்பாடியிலே, இரவு பத்து மணிக்கும் பாயை விரித்து, தூங்குகிற பிள்ளையை மடியிலே கிடத்திக்கொண்டு தமிழ் கேட்க உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

எனக்கு முன்னாலே பேசிய எதிரணிச் சகோதரி ஜீன் கிரே என்ற ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னாங்க. முன்வரிசையிலே இருக்கிற பாட்டி பக்கத்தில் இருந்த பேரனிடம், "யாருடா அது, எந்த ஊரு?" என்று கேட்டாங்க. எனக்கே காதில் விழுந்தது. (சிரிப்பு) பாட்டி, அது அமெரிக்க ஊரு. 1963-ஆம் ஆண்டிலே ஸ்டான் லீ, ஜாக் கிர்பி என்று இரண்டு பேர் சேர்ந்து எக்ஸ்-மென் என்றொரு படக்கதையை உண்டாக்கினார்கள். அதன் முதல் இதழிலேயே வந்த பெண் இவள். கையாலே தொடமாட்டாள். மனத்தாலே நினைப்பாள், பொருள் நகரும். இதற்கு டெலிகினிசிஸ் என்று பேர். கிரேக்கச் சொல். டெலி என்றால் தொலைவு, கினிசிஸ் என்றால் அசைவு. தொலைவிலே இருந்துகொண்டே அசைப்பது.

சகோதரி என்ன கேட்டாங்க? "உட்கார்ந்த இடத்திலே இருந்து நினைச்சாலே நாற்காலி நகருது என்று படிக்கிற பிள்ளை, நாளைக்கு ஒரு டம்ளர் தண்ணிக்காவது எழுந்திருக்குமா? நினைச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்கும். அதுதான் ஏக்கம்" என்றாங்க. நல்லா கை தட்டினீங்க.

நடுவர் அவர்களே, நான் ஒரு படக்கதையும் கையில் எடுக்காமல், சாய்வு நாற்காலியிலே உட்கார்ந்து காபி என்று நினைப்பேன். காபி வரும். அதற்குப் பேர் டெலிகினிசிஸ் இல்லை. அதற்குப் பேர் என் மனைவி. (பலத்த சிரிப்பு) கொஞ்சம் இருங்க, முழுசா கேளுங்க. போன மாசம் ஒரு நாள் நினைச்சேன், வரலே. பலமா நினைச்சேன், வரலே. எட்டிப் பார்த்தா அவங்க கூடத்திலே உட்கார்ந்து என்னுடைய பழைய இரும்புக்கை மாயாவியைப் படிச்சுக்கிட்டு இருக்காங்க. "நீங்களே போட்டுக்குங்க, மாயாவி மின்சாரக் கம்பியைத் தொடற இடத்துலே இருக்கேன்" என்றாங்க. ஐம்பது வயசு தாண்டிய ஒரு தமிழ்ப் பேராசிரியனை அடுப்பங்கரைக்கு நடக்க வைத்தது ஒரு படக்கதை ஐயா! ஊக்கமா, ஏக்கமா? (கைதட்டல்)

சரி, விளையாட்டு போதும். விஷயத்துக்கு வருவோம்.

இரும்புக்கை மாயாவியை இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்குங்க. அடேயப்பா! மீசை நரைச்சவங்க கை எல்லாம் மேலே போகுது! இளசுகளுக்குச் சொல்கிறேன். சிவகாசியிலே சௌந்திரபாண்டியன் என்பவர் முத்து காமிக்ஸ் என்று தொடங்கினார். 1972-இல் வந்த முதல் இதழே இரும்புக்கை மாயாவி. முல்லை தங்கராசன் ஆசிரியராக இருந்து தமிழிலே தந்தார். மூலக்கதை இங்கிலாந்திலே வேலியண்ட் என்ற வார இதழில் 1962-இல் தொடங்கியது. கென் புல்மர் எழுத, ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ படம் போட்டார். லண்டனிலே யாரும் இன்றைக்கு அவனை நினைத்துப் பார்க்கிறார்களோ இல்லையோ, நம் ஊர்ச் சலூன்களிலே அவனுக்கு ஒரு காலத்தில் நிரந்தர நாற்காலி உண்டு. முடி வெட்டிக்கொள்ளப் போனோமா, மாயாவி படிக்கப் போனோமா என்று வீட்டிலே கேட்பார்கள். நான் பேசுகிறது என்னுடைய பால்ய காலம். ஒரு புத்தகம், பத்துப் பேர் கை மாறி, அட்டை போய், முதல் நாலு பக்கம் போய் நம்மிடம் வரும். கதை எப்படித் தொடங்கியது என்று நாமே கற்பனை பண்ணிக்கொள்ள வேண்டும். ஊக்கம் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது!

பாட்டியின் பேரனுக்கு ஒரு விளக்கம். ராணி காமிக்ஸ் படித்தவர்கள் 'மாயாவி' என்றால் முகமூடி போட்டவரைச் சொல்வார்கள். அவர் வேறு. லீ பாக் எழுதிய பாண்டம், வேதாளன் என்று இந்திரஜால் காமிக்ஸில் வந்தாரே, அவர். நம் மாயாவி வேறு. ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் ரேஷன் கடையிலேயே குழப்பம், படக்கதையிலே கேட்கவா வேண்டும்! (சிரிப்பு)

அந்தக் கதை என்ன? லூயிஸ் கிராண்டேல் ஒரு விஞ்ஞானியின் உதவியாளன். வலது கையை இழந்தவன். அதற்குப் பதில் இரும்பிலே கை. ஆய்வுக்கூட விபத்திலே உயர் மின்சாரம் உடம்பில் பாய்கிறது. ஆள் மறைந்துபோகிறான். இரும்புக் கை மட்டும் மறையாது. இப்போது நினைத்துப் பாருங்கள். ஆளைக் காணோம், ஒரு கை மட்டும் அந்தரத்திலே போகிறது. கதவு திறக்கிறது. துப்பாக்கி தானாக மேலே எழும்புகிறது. பார்க்கிறவனுக்கு அது என்ன? ஜீன் கிரே செய்கிற அதே வேலைதான். யாரும் தொடாமல் பொருள் நகருகிற அதிசயம்தான். ஆனால் அந்த நகர்வுக்குப் பின்னாலே வேர்த்து விறுவிறுத்து ஒருத்தன் நிற்கிறான் என்பது படிக்கிற பிள்ளைக்குத் தெரியும். நேரம் ஆக ஆக மின்சாரத்தின் வேகம் குறையும், உடம்பு தெரிய ஆரம்பித்துவிடும் என்பதும் தெரியும். அந்தப் படபடப்புதான் கதை.

எதிரணித் தம்பி ஒரு கேள்வியைப் போட்டார். "மாயாவியைப் பார்த்துவிட்டுப் பிள்ளை மின்சாரப் பெட்டியிலே விரலை வைத்தால்?" என்று. சக்திமான் தொடரையும் சொன்னார். 1997-இல் தூர்தர்ஷனில் தொடங்கி 2005 வரை வந்தது. சக்திமான் வந்து காப்பாற்றுவார் என்று நம்பிப் பிள்ளைகள் தங்களுக்கே தீங்கு செய்துகொண்டதாக அப்போது செய்திகள் வந்தன, உண்மை. நான் இதைச் சிரித்து ஒதுக்க மாட்டேன். பிள்ளையைப் பெற்றவன் எவனும் ஒதுக்க மாட்டான். ஆனால் தம்பி, அந்தத் தொடரிலேயே ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் பிள்ளைகளை உட்காரவைத்து நல்லது கெட்டது சொல்கிற ஒரு சிறு பகுதி வைத்தார்களே, ஏன்? கதை மட்டும் போதாது, கதைக்குப் பக்கத்திலே ஒரு பெரியவர் வேண்டும் என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. அந்தப் பெரியவர் நாம். கத்தரிக்காய் நறுக்குகிற அருவாமனையும்தான் வீட்டிலே இருக்கிறது. அதைத் தூக்கிக் கிணற்றிலா போட்டுவிட்டோம்? பிள்ளைக்கு எட்டாமல் வைத்தோம், வளர்ந்த பிறகு நறுக்கக் கற்றுக்கொடுத்தோம். மாயாவி விரலை வைக்கிற பக்கம் வரும்போது, "கண்ணு, நாம வச்சா மறைய மாட்டோம், கருகிப் போயிடுவோம்" என்று ஒரு வரி சொல்ல நமக்கு நேரமில்லை. பழியை மட்டும் மாயாவி தலையில் போடுகிறோம்.

இன்னொன்று. அந்த முதல் கதையிலே மாயாவி நல்லவன் இல்லை. மறைந்துபோக முடிகிறது என்று தெரிந்ததும் அவன் செய்தது திருட்டு, அட்டூழியம். பிற்பாடுதான் திருந்தி, உளவுப் படையிலே சேர்ந்து, நல்லவர்களுக்கு உழைக்கிறான். யாரும் பார்க்காத இடத்திலே ஒருத்தன் என்ன செய்வான் என்பதுதான் அந்தக் கதை. நன்னெறி வகுப்பிலே அதை என் ஆசிரியர் ஒரு மணி நேரம் சொன்னார், தூங்கினோம். சிவகாசிப் புத்தகம் சொன்னபோது விழித்துக்கொண்டு கேட்டோம். அந்தப் புத்தகத்தைப் பூகோளப் பாடத்துக்குள் வைத்துப் படித்ததற்காக இரண்டாகக் கிழித்துப் போட்டார்கள், எங்கள் பள்ளிக்கூடத்திலே. கிழிந்த பாதியை வைத்திருந்த பையனிடம் மீதிக் கதையைக் கேட்க மூன்று மைல் நடந்து போனவன் நான். எந்தப் பாடப்புத்தகத்துக்காக நான் மூன்று மைல் நடந்தேன்? (கைதட்டல்)

ஜீன் கிரேயிடம் திரும்பி வருகிறேன். சகோதரி அவள் கதையைப் பாதியிலே நிறுத்திவிட்டாங்க. மீதியை நான் சொல்கிறேன். ஆரம்பத்திலே அவளால் கனமான பொருளைத் தூக்க முடியாது, தூக்கினால் களைத்துப்போவாள். பிறகு அவளுடைய ஆற்றல் கூடிக்கொண்டே போகிறது. கட்டுக்கு அடங்காமல் போகிறது. 1980-இல் வந்த கதையிலே ஒரு சூரியனையே விழுங்குகிறாள். அதைச் சுற்றிய ஓர் உலகம், அதிலே வாழ்ந்த கோடிக்கணக்கான உயிர், அவ்வளவும் சாம்பல். கதை எழுதிய கிளேர்மாண்டும் படம் போட்ட பைர்னும், அவளுடைய சக்தியைப் பறித்துவிட்டு அவளை வீட்டுக்கு அனுப்பலாம் என்றுதான் முதலில் முடிவு செய்திருந்தார்கள். பதிப்பாசிரியர் ஜிம் ஷூட்டர் மறித்தார். இத்தனை உயிரைக் கொன்றவள் விலை கொடுக்காமல் போகக்கூடாது என்றார். முடிவை மாற்றினார்கள். தன்னால் இன்னொரு உயிர் அழியக்கூடாது என்று அவளே தன்னை முடித்துக்கொள்கிறாள்.

தமிழ் படித்தவன் காதிலே இது விழுந்தால் யார் ஞாபகம் வரும்? கண்ணகி. அவளுக்கும் ஆற்றல் வந்தது. மதுரை எரிந்தது. ஆனால் இளங்கோவடிகள் எவ்வளவு கவனமாக இருக்கிறார் பாருங்கள்! தீக்கடவுளிடம் கண்ணகி ஒரு பட்டியல் கொடுக்கிறாள். அந்தணரை விடு, அறவோரை விடு, பசுவை விடு, பத்தினிப் பெண்டிரை விடு, முதியவரை விடு, குழந்தையை விடு. கோபத்தின் உச்சியிலே நிற்கிற ஒருத்திக்குக் குழந்தை ஞாபகம் வருகிறது. ஜீன் கிரேக்கு வரவில்லை. அதனாலே அமெரிக்கப் படக்கதைக்காரர்கள் அவளைச் சாகடிக்க வேண்டி வந்தது. இரண்டு காப்பியத்தையும் ஒரே வகுப்பிலே வைத்து நடத்தலாம் ஐயா, பிள்ளைகள் வாயைத் திறந்து கேட்கும். படக்கதையைக் காப்பியம் என்கிறானே என்று எதிரணி முகம் சுளிக்கிறது. சுளிக்கட்டும். (சிரிப்பு)

நினைத்தால் பொருள் நகருகிற கதை அமெரிக்காவிலே பிறந்ததா? நம் பாட்டி சொல்லாததா? வேதாரண்யத்துக் கோயில் கதவு சாத்திக் கிடக்கிறது. நாவுக்கரசர் பாடுகிறார். திறக்கவில்லை. பாடிக்கொண்டே போகிறார், பதிகம் முடிகிற நேரத்திலேதான் திறக்கிறது. சம்பந்தர் பாடுகிறார், முதல் பாட்டிலேயே சாத்திக்கொள்கிறது. எங்கள் கல்லூரி விடுதியிலும் அப்படித்தான், கதவு சாத்துவது சுலபம், திறக்க வைப்பதுதான் பாடு. (சிரிப்பு)

திருப்புன்கூருக்கு வாங்க. நந்தனார் வெளியே நிற்கிறார். உள்ளே போக அவர் குலத்துக்கு அனுமதி இல்லை. வெளியிலிருந்து எட்டிப் பார்த்தால் நந்தி மறைக்கிறது. அவர் நந்தியைத் தொடவில்லை, தள்ளவில்லை. ஏங்கினார். நந்தி விலகியது. சேக்கிழார் சொல்கிறார். கேளுங்கள் எதிரணி நண்பர்களே, உங்கள் சொல்தான், ஏக்கம்! அந்த ஏக்கத்தைக் கேவலமாகச் சொல்லாதீர்கள். உள்ளே விடாதவன் ஊரிலே, வெளியே நின்றவனுக்குக் கல் வழிவிட்டது என்று ஒரு கதை பிறந்ததே, அது சும்மா பிறந்ததா? மனுஷன் விலகாத இடத்திலே கல்லாவது விலகட்டும் என்று பிறந்தது. சேக்கிழார் அதோடு நிறுத்தவில்லை. நந்தி விலகிய பிறகு நந்தனார் அந்த ஊரிலே ஒரு குளம் வெட்டினார் என்கிறார். நந்தி தானாக விலகியது. குளம் தானாக வெட்டிக்கொள்ளவில்லை. மண்வெட்டி பிடித்த கை நந்தனார் கை. ஏக்கத்துக்கும் ஊக்கத்துக்கும் நடுவிலே நீங்கள் கட்டின சுவரை அவர் எப்போதோ இடித்துவிட்டார். (பலத்த கைதட்டல்)

இதை நம்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கதை கதைதான். கதையைக் காசாக்குகிறவன் வந்தால் பிள்ளையை எச்சரிக்க வேண்டும். கரண்டியை மனத்தாலே வளைக்கிறேன் என்று யூரி கெல்லர் என்பவர் உலகத்தைச் சுற்றினார். 1973-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியிலே ஜானி கார்சன் நிகழ்ச்சிக்கு வந்தார். கார்சன் முன்னாளில் மந்திர வித்தை செய்தவர். பொருள்களை நிகழ்ச்சிக்காரர்களே தயார் செய்து, கெல்லர் ஆட்கள் கிட்டே வராமல் பார்த்துக்கொண்டார்கள். கரண்டி கரண்டியாகவே இருந்தது. (சிரிப்பு) ஜேம்ஸ் ராண்டி என்பவர் இப்படிச் சக்தி உள்ளவர்கள் நிரூபித்தால் பத்து லட்சம் டாலர் என்று வைத்தார். 2015 வரை அந்தப் பரிசு இருந்தது, ஒருவரும் வாங்கவில்லை. நம் பக்கத்திலே, கேரளத்தில் பிறந்து இலங்கையில் ஆசிரியராக இருந்த ஆபிரகாம் கோவூர் 1963-லேயே ஒரு லட்சம் ரூபாய் அறிவித்தார். அதையும் எவரும் வாங்கவில்லை. மாயாவி படித்து வளர்ந்த பிள்ளைக்கு இது சுலபமாகப் புரியும். அந்தரத்திலே பொருள் நகர்ந்தால், எங்கேயோ ஒரு இரும்புக் கை இருக்கும் என்று அவன் தேடுவான்.

இன்று மத்தியானம் இந்த ஊரிலே ஒரு வீட்டிலே எங்களுக்குச் சாப்பாடு போட்டார்கள். நல்ல சாப்பாடு. இந்த ஊர்க்காரர்கள் மலேசியா, சிங்கப்பூர் என்று போய் உழைக்கிறவர்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வீட்டுப் பையனுக்கு எட்டு வயசு இருக்கும். தலைப்பைச் சொன்னதும் என்னைக் கேட்டான். "சார், மனசாலே இழுத்தா எவ்வளவு தூரத்துலே இருக்கறது வரும்?" நான் விளையாட்டா, "ஏன், எதை இழுக்கணும்?" என்றேன். "எங்கப்பா கோலாலம்பூர்லே இருக்காரு" என்றான்.

(சிறிது நேர மௌனம்)

பரிமாறிக்கொண்டிருந்த அம்மா ரசத்தை எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனாங்க. திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆச்சு.

நடுவர் அவர்களே, எதிரணி இதை எடுத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். பார்த்தாயா, ஏக்கம் என்பார்கள். நான் கேட்கிறேன், அந்த ஏக்கத்தைக் கொண்டுவந்து போட்டது படக்கதையா? அது அந்த வீட்டிலே ஏற்கெனவே இருந்தது. அப்பா விமானம் ஏறின அன்றைக்கே வந்து உட்கார்ந்தது. அதைச் சொல்ல அந்தப் பிள்ளைக்கு இத்தனை நாள் வார்த்தை இல்லை. "அப்பா வேணும்" என்று அழுதால் அம்மா அழுவாங்க என்று அவனுக்குத் தெரியும். படக்கதை அவனுக்கு ஒரு வார்த்தை கொடுத்தது. தூரத்தைக் கேட்கக் கற்றுக்கொடுத்தது. இப்போது அவன் கேட்பது ஒரு கணக்கு. எவ்வளவு தூரம், எவ்வளவு விசை? அப்படிக் கேட்கிற பையனை நான் விடமாட்டேன் ஐயா, அவன் எங்கேயோ போவான்.

அந்தப் பையனுக்கு நான் சாப்பாட்டு இலையிலே உட்கார்ந்தபடி ஒரு நிஜக் கதை சொன்னேன். அதை உங்களுக்கும் சொல்லி முடிக்கிறேன். அமெரிக்காவிலே கேத்தி ஹட்சின்சன் என்று ஒரு அம்மா. மூளையிலே பக்கவாதம். கை கால் வராது, பேச்சு வராது. கிட்டத்தட்ட 15 ஆண்டு. தண்ணீர் குடிக்க வேண்டுமானாலும் இன்னொருவர் கை வேண்டும். மருத்துவர்களும் பொறியாளர்களும் சேர்ந்து அந்த அம்மாவின் மூளையிலே, கையை அசைக்க உத்தரவு பிறக்கிற இடத்திலே, ஒரு சின்ன மாத்திரை அளவு கருவியைப் பொருத்தினார்கள். கை அசையாவிட்டாலும், அசைய வேண்டும் என்று நினைக்கும்போது அங்கே மின்துடிப்பு எழுகிறது. அதை அந்தக் கருவி வாங்கிக் கணிப்பொறிக்குக் கொடுக்கும். கணிப்பொறி பக்கத்திலே நிற்கிற ஓர் இயந்திரக் கைக்கு உத்தரவு கொடுக்கும்.

அந்த அம்மா இயந்திரக் கையைப் பார்த்து நினைத்தாங்க. கை நகர்ந்தது. மேசையிலே காபி இருந்த குப்பியைப் பிடித்தது. தூக்கியது. வாய்ப்பக்கம் கொண்டு வந்தது. உறிஞ்சுகுழாயாலே குடித்தாங்க. மறுபடி குப்பியை மேசையிலே வைத்தது. ஆறு தடவை முயற்சி செய்து நாலு தடவை முடிந்தது. 2012-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழிலே இது வெளிவந்தது, படமும் எடுத்திருக்கிறார்கள். குடித்து முடித்ததும் அந்த அம்மா சிரிக்கிறாங்க பாருங்க.

மின்சாரம் இருக்கிறது. இரும்புக் கை இருக்கிறது. நினைத்ததும் நகர்கிறது. பையன் கையிலே சோற்றை வைத்துக்கொண்டே கேட்டான், "அப்ப மாயாவி நிஜமா சார்?" நான் சொன்னேன், "மாயாவி பொய்தான்டா. மாயாவியைப் படிச்சவனுங்க நிஜம்." (நீண்ட கைதட்டல்)

நடுவர் மணியை எடுத்துவிட்டார். அவரும் நினைத்தாலே அடிக்கிற மணி ஒன்று வைத்திருந்தால் நான் எப்போதோ உட்கார்ந்திருப்பேன்.